மண் கேள்வி பதில்: காட்டுக்கு உரம் போடுவது யார்?

போன மாதம் மிளகாய்ச் செடி பற்றி எழுதும்போது, ‘பாஸ்பரஸ் குறைந்தால் இலை ஊதா பாயும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று யார் கண்டது! இந்த மாதப் பக்கம் முழுக்க பாஸ்பரஸ்தான். வாழைக்கன்று வாடுவதைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, எனக்கு நாலு ஏக்கர் செம்பனை இருக்கிறது. வருடம் தவறாமல் பாஸ்பேட் வாங்கிப் போடுகிறேன். மகன் வீடு கெப்போங்கில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரப் பிள்ளைகளோடு ஃபிரிம் (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்) காட்டில் நடப்போம். மரங்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, அவ்வளவு உயரம். இதற்கெல்லாம் யார் மூட்டை மூட்டையாக உரம் போட்டார்கள்? என் நிலம் மட்டும் என்ன பாவம் செய்தது?
(பத்தாங் காலி வாசகர்)

ப: ஐயா, நீங்கள் நடக்கிற காடு உங்கள் நிலத்தைவிட மோசமான இடத்தில் தொடங்கியது. 1920களில் அது வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட பூமி. நடுநடுவே காய்கறித் தோட்டங்கள். அதில் கையால் நட்டு வளர்த்த மரங்கள்தான் இன்று உங்கள் கழுத்தை வலிக்க வைக்கின்றன. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும் இந்த நட்ட காட்டைத்தான்.

சரி, மண்ணுக்கு வருவோம். நான் 31 வருடம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மண்ணைச் சலித்து, ஒரு கரைசலில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மாலிப்டினம் சேர்த்தால், வேர் எடுக்கக்கூடிய பாஸ்பேட் (பாஸ்பரஸ் மண்ணில் இருக்கும் வடிவம்) எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். உரம் போட்ட தோட்டத்து மண் என்றால் குழாயில் நல்ல நீலம் நிற்கும். காட்டு மண் வந்தால், வேட்டிக்கு நீலம் போட்டு அலசிய கடைசித் தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் இருக்கிறதா இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்தான் எதையோ ஊற்ற மறந்துவிட்டேன் என்று பயந்து, ஒரே மண்ணை மூன்று தடவை செய்திருக்கிறேன். மூன்று தடவையும் அதே அலசல் தண்ணீர்தான்.

அதே மண்ணைக் கடும் அமிலத்தில் கொதிக்க வைத்து எடுத்தால் கதை வேறு. பத்து லட்சம் பங்கு மண்ணில் வேருக்குக் கிடைக்கிற பாஸ்பரஸ் ஒற்றை இலக்கத்தில் இருந்தால், மொத்தம் இருப்பது நூறு, இருநூறு என்று வரும். பொருள் வீட்டில்தான் இருக்கிறது. பீரோ சாவிதான் கையில் இல்லை.

சாவியை வைத்திருப்பது இரும்பும் அலுமினியமும். நம் ஊர் மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். பிஹெச் நாலு, நாலரை என்று புளித்துக் கிடக்கும். இந்த மண்ணில் கொஞ்சம் பாஸ்பேட் வந்து விழுந்தால் போதும், இரும்பும் அலுமினியமும் அடகுக்கடைக்காரர் மாதிரி வாங்கி உள்ளே வைத்துவிடும். முதல் சில நாட்கள் மேசை இழுப்பறையில் இருக்கும்; மீட்டுவிடலாம். நாளாக ஆக உள் பெட்டிக்குப் போய்விடும். மண்ணுக்கு வயதாக ஆக, பாறையிலிருந்து வந்த பாஸ்பரஸ் கரைந்து குறைந்து, மிஞ்சியதும் பூட்டிப் போகும் என்று நியூசிலாந்தில் வாக்கர், சையர்ஸ் என்ற இருவர் 1976இல் எழுதினார்கள். நம் மண் நல்ல கிழம். ஜாவாவில் போல அடிக்கடி எரிமலைச் சாம்பல் விழுந்து புதுப்பிக்கிற வசதியும் நமக்கு இல்லை.

இந்த அடகை மீட்கிற வேலையைத்தான் பாக்டீரியா செய்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. வேர் நுனியிலிருந்து சர்க்கரை கசிகிறது. சூடோமோனாஸ், பேசில்லஸ், பர்க்ஹோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள் அங்கே மொய்க்கின்றன. அவற்றில் பல, சர்க்கரையைத் தின்று குளுக்கோனிக் அமிலம் போன்றவற்றைக் கசியவிடும். அந்த அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் போய்ப் பிடித்துக்கொள்ள, பாஸ்பேட் கை நழுவி வெளியே வரும். மரம் கொடுக்கிற சர்க்கரைதான் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காட்டின் சாமர்த்தியம் மீட்பதில் இல்லை, அடகுக்கே போகவிடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது என்பது என் கட்சி. அடுத்த ஞாயிறு போகும்போது பாதையோரத்தில் குனிந்து, நனைந்த பழைய இலை ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். இலை சுலபமாக வராது. அடியில் முடி மாதிரி சன்ன வேர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கூடவே வெள்ளைப் பூஞ்சை இழையும். வேர் மண்ணுக்குள் போய்த் தேடாமல், மேலே ஏறி வந்து இலையையே பிடித்துக்கொள்கிறது. இலைக்குள் இருக்கும் பாஸ்பரஸ் கரிமப் பொருளோடு கோத்துக் கிடக்கிறது. அந்தக் கோர்வையை அறுக்க பாஸ்படேஸ் என்ற நொதி வேண்டும். பாக்டீரியா, பூஞ்சை, வேர் மூன்றுமே அதைச் சுரக்கின்றன. அறுபட்ட பாஸ்பேட் இரும்பின் கண்ணில் படுவதற்குள் வேர் எடுத்துக்கொள்கிறது. சபாவில் கினபாலு மலைக் காடுகளை வருடக்கணக்காக ஆராய்ந்த ஜப்பானியர் கானேஹிரோ கிதாயாமா, பாஸ்பரஸ் குறைந்த இடங்களில் இந்த நொதியின் வேகம் கூடுவதைக் காட்டியிருக்கிறார்.

பாக்டீரியா தர்மம் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுத்ததை முதலில் தன் வயிற்றில்தான் போட்டுக்கொள்ளும். கொஞ்ச காலம் பாஸ்பரஸ் அதன் உடம்புக்குள் இருக்கும், இரும்புக்கு எட்டாமல். பிறகு ஒற்றைச் செல் உயிரியோ நூற்புழுவோ வந்து அந்தப் பாக்டீரியாவைத் தின்று, தனக்கு மிஞ்சியதைக் கழிக்கும்போது வேருக்கு விருந்து. கோடிக்கணக்கான உடம்புகளில் சில்லறையாகப் பிரித்து வைத்த சேமிப்பு இது.

மரமும் லேசுப்பட்டதில்லை. இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எங்கள் லயத்தில் பாட்டி கிழிந்த சட்டையைக் கரித்துணிக்குப் போடும் முன் பொத்தான்களை அறுத்து மைலோ டின்னில் போட்டுவைப்பார், அந்த மாதிரி.

உங்கள் நிலத்தில் என்ன நடக்கிறது? குலை லாரி ஏறிப் போகிறது. அதோடு பாஸ்பரஸும் போகிறது. அதை உரமாகத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் உரம் போடும் வேலையில் இருந்தவர். கிறிஸ்மஸ் தீவிலிருந்து வரும் பாஸ்பேட் பாறைத்தூள், பழுப்பு நிறம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட அந்த நிறத்தில் இருக்கும். பால் மரத்தடியில் போடாமல், நடு வரிசையில் படர்ந்த கொடிப்பயிர் மேல் தூவச் சொல்வார்களாம். “மரத்துக்குப் பசிக்குது, கொடிக்குச் சோறு போடுறானுங்க” என்று அப்பா சிரிப்பார். ஆய்வுக்கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. புளித்த மண் அந்தப் பாறைத்தூளை மெல்லக் கரைக்கும். கொடி அதை எடுத்துக்கொண்டு இலையாக உதிர்க்கும். மரம் அந்த இலையிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்களும் வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே குவித்து, பாஸ்பேட் உரத்தை வெற்றுச் செம்மண்ணில் போடாமல் அந்தக் குவியல் மேல் தூவுங்கள். செம்பனை வேர் தானாகத் தேடிக்கொண்டு வரும்.

கே: நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்கும் பாக்டீரியா பற்றிப் படித்தோம். பாஸ்பரஸைப் பிடிக்கும் பாக்டீரியாவும் இருக்கிறதா?
(படிவம் 4 மாணவி, செந்தூல்)

ப: இல்லை கண்ணு. காற்றில் இருந்தால்தானே பிடிக்கும்? நைட்ரஜன் மாதிரி பாஸ்பரஸுக்கு வாயு வடிவத்தில் கிடங்கு கிடையாது. அபடைட் என்ற கனிமம் கொண்ட பாறை சிதைந்துதான் அது மண்ணுக்கு வருகிறது; தூசியாகக் காற்றில் மிதந்து வந்து விழுவது கொஞ்சம். உன் எலும்பிலும் பல்லிலும் டிஎன்ஏவிலும் இருப்பது எல்லாம் எப்போதோ ஒரு பாறைக்குள் இருந்ததுதான். முதன்முதலில் அதைப் பிரித்து எடுத்தவர் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், 1669இல். தங்கம் செய்யப் போகிறேன் என்று வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சியவர். கிடைத்தது இருட்டில் மினுங்குகிற பாஸ்பரஸ். அவர் வீட்டு அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தேர்வில் ‘பாக்டீரியா பாஸ்பரஸை உருவாக்குகிறது’ என்று எழுதிவிடாதே. ‘வேர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது’ என்று எழுது.

கே: தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் பாஸ்போபாக்டீரியா பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்தை எல்லாம் கரைத்துவிடுமாம். அடுக்குமாடியில் பதினைந்து தொட்டி வைத்திருக்கிறேன், மிளகாயும் வெண்டையும். போட்டால் இனி உரமே வேண்டாமா?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

ப: பாக்கெட்டுக்குள் இருக்கும் பாக்டீரியாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன், நான் தட்டுக் கழுவிய வேலை அது. கண்ணாடித் தட்டில் அகார் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, அதில் கால்சியம் பாஸ்பேட்டைக் கலப்போம். தட்டு தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக மங்கி இருக்கும். அதில் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வைத்துச் சில நாள் விட்டால், கரைக்கத் தெரிந்த பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் வெள்ளை கரைந்து, தெளிந்த வட்டம் விழும். மழைக்கு முன்னால் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அச்சு அசல் அதேதான். காலையில் கதவைத் திறந்து தட்டை எடுக்கும்போது வட்டம் தெரிந்தால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் அளந்து எழுதுவேன். ரஷ்ய அம்மையார் பிகோவ்ஸ்காயா 1948இல் சொன்ன முறை. இன்றும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. தட்டில் கலந்தது கால்சியம் பாஸ்பேட். அது அமிலம் பட்டாலே கரையும். நம் செம்மண்ணில் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம் இல்லை, இரும்பும் அலுமினியமும். தட்டில் பெரிய வட்டம் போட்ட வீரன் செம்மண்ணில் இறங்கினால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடலாம். இரண்டாவது, தட்டில் அதற்குச் சர்க்கரை தாராளமாகக் கொடுத்திருக்கிறோம், போட்டிக்கும் ஆளில்லை. மண்ணில் சர்க்கரைக்கு அடிதடி. புதிதாக வந்தவனை உள்ளூர்க்காரர்கள் தின்றே தீர்த்துவிடுவார்கள். சோவியத் நாட்டில் பேசில்லஸ் மெகாடேரியம் என்ற பாக்டீரியாவை ‘பாஸ்போபாக்டரின்’ என்று பெயர் வைத்துப் பெரிய அளவில் வயலுக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே ‘போட்டால் கரைக்கும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த மண்ணில் என்று திருப்பிக் கேளுங்கள்.

நானும் ஏமாந்தவள்தான். ஓய்வுபெற்ற வருடம் ஒரு கடையில் இப்படி ஒரு பாக்கெட் வாங்கினேன். ஆறு தொட்டிக்குப் போட்டேன், ஆறு தொட்டிக்குப் போடவில்லை. மூன்று மாதம் கழித்து எது எது என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பிறகு அந்தக் கடைக்குப் போனபோது கவனித்தேன்: பாக்கெட்டுகள் எல்லாம் முன் கண்ணாடி ஓரத்தில், வெயில் நேராக விழுகிற தட்டில் அடுக்கியிருந்தன. நான் பதினெட்டு வெள்ளி கொடுத்து வாங்கியது உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

கையில் பாக்கெட் இருக்கிறது, வீணாக்க மனம் வராது. தேதி தாண்டவில்லை என்றால் நன்றாக மக்கிய உரத்தோடு பிசைந்து, ஒரு நாள் நிழலில் மூடிவைத்து, வேர் இருக்கும் ஆழத்தில் கொடுங்கள். பாக்டீரியாவுக்குச் சோறு மக்குதான். அது இல்லாமல் வெறும் மண்ணில் தூவுவது பட்டினி போட்டு வேலை வாங்குகிற கதை. உரமே வேண்டாமா என்றால், கடைத் தொட்டி மண்ணில் பெரும்பாலும் பாஸ்பரஸ் தேவைக்கு மேலேயே இருக்கும். இலை ஊதா பாய்ந்திருந்தால் தொட்டி அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேர் தண்ணீரில் மூச்சு முட்டி நின்றாலும் அதே ஊதாதான் வரும்.

கே: பத்துமலைக் குகையில் வௌவால் எச்சத்தை அள்ளித் தோட்டத்துக்குப் போட்டார்கள் என்று என் தாத்தா சொல்வார். நிஜமா?
(செலாயாங் வாசகர்)

ப: நிஜம்தான். 1860களிலேயே சீனக் காய்கறிக்காரர்கள் அங்கிருந்து எச்சத்தைத் தோண்டி எடுத்துப் பாத்திகளுக்குப் போட்டிருக்கிறார்கள்; தம்புசாமிப் பிள்ளை அங்கே கோயில் வைப்பதற்கு முந்தின காலம். வௌவால் ராத்திரியெல்லாம் காடு முழுக்கப் பறந்து பூச்சி தின்று, காலையில் வந்து ஒரே இடத்தில் கழிக்கிறது. பல மைல் சுற்றளவிலிருந்து பாஸ்பரஸைப் பொறுக்கி மழை படாத கூரைக்கு அடியில் குவிக்கிற வேலை. அதை மக்க வைப்பதும் பாக்டீரியாக்கள்தான்.

எனக்குப் பத்துமலையில் பிடித்தது வேறொன்று. அது சுண்ணாம்புப் பாறை. பாறை இடுக்கில் இருக்கும் மண்ணில் பாஸ்பேட் இரும்போடு மட்டுமில்லை, கால்சியத்தோடும் சேர்ந்து பூட்டிப் போகும். தட்டில் வட்டம் போட்ட நம் வீரன் சரியாகப் பிழைக்கக்கூடிய ஊர் அதுதான்! கெப்போங்குக்கும் பத்துமலைக்கும் காரில் கால் மணி நேரம். பூட்டு வேறு, சாவி வேறு.

தாத்தா செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். வௌவால் எச்சத்தில் நுரையீரலைப் பிடிக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். தூசியைக் கிளப்பினாலே மூச்சில் போய்விடும். அதோடு இருட்டுக் குகையில் வாழ்கிற பூச்சி, புழுக்களுக்கு அந்த எச்சம்தான் சோறு. அவற்றைத் தின்று பிழைக்கும் ஒரு பழங்காலக் கதவுச் சிலந்திக்கு அறிவியல் பெயரிலேயே ‘பட்டுவென்சிஸ்’ என்று நம்ம பத்துமலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கே: பாலேக் பூலாவில் எங்களுக்குச் சரிவு நிலத்தில் டுரியான் மரங்கள். என் வீட்டுக்காரர் இலையெல்லாம் கூட்டி எரிக்கிறார். ‘சாம்பலில் பாஸ்பரஸ் இருக்கு, உன் பத்திரிகை அக்காவைக் கேள்’ என்கிறார். கேட்டுவிட்டேன்.
(பினாங்கு வாசகி)

ப: அண்ணன் சொல்வதில் பாதி சரி. இலையை எரித்தால் நைட்ரஜனும் கார்பனும் புகையாகப் போகும், பாஸ்பரஸ் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். தப்பு எங்கே என்றால், அது ஒரே நாளில் மொத்தமாக வெளியே வந்துவிடுகிறது. பினாங்கு மலை கருங்கல் மலை. அதிலிருந்து வந்த மண்ணுக்குச் சொந்தமாகப் பாஸ்பரஸ் அதிகம் இல்லை. சரிவு நிலத்தில் சாயங்கால மழை ஒன்று அடித்தால் சாம்பலில் ஒரு பங்கு ஓடைக்குப் போகும், மிச்சத்தை மண்ணிலிருக்கும் இரும்பு அடகு பிடிக்கும். மரத்துக்குக் கிடைப்பது சொற்பம். பாக்டீரியாவுக்கும் சாப்பாடு எரிந்து போயிற்று. இலையைச் சரிவுக்குக் குறுக்கே கரை கட்டின மாதிரி குவித்து விடச் சொல்லுங்கள். ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக்கூடாது, ஒரு கை நீளமாவது தள்ளி இருக்கட்டும். டுரியானுக்கு ஃபைட்டோப்தோரா அழுகல் நோய் வரும். அதற்கு ஈரமான அடிமரம் என்றால் கொண்டாட்டம். நோய் பிடித்துக் காய்ந்த கிளைகளைக் குவியலில் சேர்க்காமல் அகற்றிவிடுங்கள். அண்ணன் அந்த விஷயத்தில் நெருப்பைத் தேடியது நியாயம்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்.

கே: காட்டு மண்ணில் இவ்வளவு பாக்டீரியா இருக்கிறது என்றால், ஃபிரிம்மிலிருந்து ஒரே ஒரு சாக்கு மண் எடுத்துவந்து ரோஜாத் தொட்டிக்குப் போடலாமா? யாருக்கும் தெரியாது.
(பெயர் வேண்டாம் என்கிற வாசகர்)

ப: பெயர் வேண்டாம் என்று எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் மரத்தையும் பிரம்பையும் மட்டும் வனப்பொருள் என்று சொல்லவில்லை. மேல்மண்ணையும், செலாயாங்காரர் கேட்ட எச்சத்தையும்கூடப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதை விடுங்கள். அந்தப் பாக்டீரியாக்கள் தின்பது அந்த மரங்களின் இலையை, ஒட்டி வாழ்வது அந்த மரங்களின் வேரில். மெராந்தி, காப்பூர் மரங்களின் வேரில் ஒட்டுகிற பூஞ்சைக்கு உங்கள் ரோஜாவை யாரென்றே தெரியாது. இலையையும் வேரையும் விட்டுவிட்டு மண்ணை மட்டும் சாக்கில் கட்டி எடுத்துவந்து என்னிடம் பரிசோதனைக்குக் கொடுத்தால், குழாயில் அந்த வேட்டி அலசிய தண்ணீர்தான் வரும்.